மழை மாதங்கள் இல்லாத வரைபடம்

பிப்ரவரி 9

மாப்பிள்ளைக்கு,

நல்லா இருக்கீங்களான்னு கேக்கப் போறதில்லை. கேட்டா "ம்"னு சொல்லுவீங்க. போன்ல உங்ககிட்ட பேசுறதுக்குச் சுவத்துகிட்ட பேசலாம், அதுவாவது எதிரொலிக்கும். அதனாலதான் பேனாவை எடுத்தேன். கடுதாசிக்கு "ம்"னு பதில் எழுத முடியாதில்ல?

நான் பேசுற மாதிரிதான் எழுதுவேன். மருந்துக் கடையில நின்னு "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு"ன்னு கவர் மேல எழுதி எழுதியே வயசானவ. எனக்குத் தெரிஞ்ச இலக்கியம் அதுதான்.

வாண்டு நல்லா இருக்கா. முன்பல் ஆடுது, யாரையும் தொட விடமாட்டேங்கிறா. ஆப்பிளைக் குடுத்தா ஓரமாக் கடிச்சு, அணில் மாதிரி தின்னுறா.

அவ அம்மா கண்ணை மூடின வாரமே, "கொஞ்ச நாள் உங்ககிட்ட இருக்கட்டும் அத்தை"ன்னு சொல்லி விட்டுட்டுப் போனீங்க. கொஞ்ச நாள்னா எவ்வளவு நாள்னு அப்ப நான் கேக்கலை. கேக்குற நேரமா அது? நானே என் பொண்ணைப் பறிகொடுத்துட்டு நின்னேன். இப்ப கேக்குறேன். ஜூன்ல அவ ஒண்ணாம் வகுப்பு போகணும். இங்க சேக்குறதா, நீங்க அங்க கூட்டிட்டுப் போறீங்களா? தெருக்கோடி பள்ளிக்கூடத்துல விசாரிச்சேன். "அப்பா வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்"னுட்டாங்க.

மனசுல இருக்கிறதைச் சொல்லிடுறேன். நீங்க கூட்டிட்டுப் போனா இந்த வீட்டுல நானும் சுவர்க் கடிகாரமும்தான். வராம விட்டா, இருக்கிற அப்பாவும் அவளுக்கு இல்லாமப் போவார். எதுக்கு வேண்டிக்கிறதுன்னு தெரியாம ரெண்டுக்கும் வேண்டிக்கிறேன்.

பதில் போடுங்க. கையெழுத்து கிறுக்கலா இருந்தாலும் பரவாயில்லை. டாக்டருங்க எழுதினதையே படிச்சவ நான்.

உங்க அத்தை


பிப்ரவரி 21

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வாண்டு நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. மகிழ்ச்சி என்பது கைப்பழக்கத்தில் விழுந்த சொல். அடிக்காமல் விடுகிறேன்.

நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஆபீஸ் போகிறேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர் மட்டும் கழுவுகிறேன். மற்றவை அலமாரியில் கவிழ்த்தபடி இருக்கின்றன. கீழ்வீட்டுக்காரர் மட்டும் படிக்கட்டில் பார்த்தால், "தம்பி, எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார். "இருக்கேன்" என்பேன். அவருக்கு அது போதுமாக இருக்கிறது.

ஆபீசில் இப்போது எனக்குக் கொடுத்திருக்கும் வேலை உங்கள் ஊர் மலையும் ஆற்றங்கரையும். இருபது வருடத்தில் அங்கே பச்சை எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைபடம் போட வேண்டும். "வேற யாருக்காவது குடுக்கட்டுமா?" என்று மேலதிகாரி கேட்டார். உங்கள் பெண் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்தாளே, அவரேதான். வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

இது என்ன வேலை என்று கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் கேட்டீர்கள். "மேல இருந்து போட்டோ பிடிச்சு மரம் எண்ணுற வேலைம்மா" என்றாள் அவள். உண்மையில் மரத்தை எண்ண முடியாது. படத்தின் மிகச் சின்னத் துண்டு ஒரு கட்டம். தரையில் அது பக்கத்துக்கு முப்பது மீட்டர். உங்கள் வீடு, வாசல், பக்கத்து வீட்டு மாடி எல்லாம் அதற்குள் ஒரே நிறமாக அடங்கிவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பச்சையை அளக்கும் ஓர் எண் உண்டு. இலை இருந்தால் அது கூடும், வெறும் மண் என்றால் குறையும்.

நடுவில் மேகம் வந்தால் ஒன்றும் தெரியாது. அதனால் ஒரு வருடத்துப் படங்களை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவாக வரும் எண்ணை மட்டும் எடுப்போம். அந்த வருடத்துக்கு அதுதான் முகம். ஒரே ஒரு நாள் வந்து போனது எதுவும் அதில் நிற்காது. மேகம் நிற்காது, புகை நிற்காது. எங்கள் கல்யாணத்துக்கு உங்கள் தெருவை அடைத்துப் போட்ட பந்தலும் நிற்கவில்லை. தேடிப் பார்த்தேன்.

நான் அவளை முதலில் பார்த்ததே நான் போட்ட ஒரு தப்பு வரைபடத்தால்தான். உங்களிடம் அவள் முழுதாகச் சொன்னாளா தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஊருக்கு வெளியே அடர்ந்த புதுக்காடு ஒன்றைக் கண்டுபிடித்து, பெருமையாகப் பச்சை அடித்து வைத்திருந்தேன். வரைபடத்தில் இருப்பது தரையிலும் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்து வருவது அவள் வேலை. ஒரு நாள் மத்தியானம் சொட்டச் சொட்ட ஒரு ஜோடி ஷூவைக் கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தாள்.

"இந்தக் காடு உங்களுதா?"

"ஆமா."

"பிடிங்க. பாதிக் காடு இதுக்குள்ள இருக்கு."

அது காடே இல்லை. ஏரி முழுக்க ஆகாயத்தாமரை மூடிக் கிடந்திருக்கிறது. தரை என்று நினைத்துக் காலை வைத்தவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள். "சார், அடுத்த தடவை காடு வரையும்போது சொல்லி அனுப்புங்க, படகு எடுத்துட்டுப் போறேன்" என்றாள். மொத்த ஆபீசும் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு மேஜையை நான் துடைக்கவில்லை, அதுவாகக் காயட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணமான பிறகு, உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவை அவளுக்குக் காட்டினேன். பள்ளியில் படிக்கும்போது அவள் வகுப்பே சேர்ந்து கன்று நட்ட இடம். பழைய படங்களில் செம்மண் நிறம். அப்புறம் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை ஏறுகிறது.

"இதுல என் மரம் எது?"

"ஒரு கட்டத்துக்குள்ள ஏகப்பட்ட மரம் இருக்கும். தனியாத் தெரியாது."

"அப்ப எல்லாமே என்னோடதுதான்" என்றாள்.

பள்ளி விஷயம் யோசித்துச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை


மார்ச் 6

மாப்பிள்ளைக்கு,

கடுதாசி பாதி ஆபீஸ் அறிக்கை மாதிரி இருந்துச்சு. ஆனா அந்த ஷூ கதையைப் படிச்சுட்டுக் கடையிலயே சிரிச்சுட்டேன். இருமல் மருந்து வாங்க வந்தவர் பயந்து போய்ட்டார். அந்த ஷூ நான் வாங்கிக் குடுத்தது தெரியுமா? ஏரியில இறங்கினேன்னு என்கிட்ட மூச்சு விடலை. "தானா பிஞ்சு போச்சும்மா"ன்னு சொல்லி இன்னொரு ஜோடி வாங்கிட்டா, கள்ளி.

நல்ல சேதி அத்தோட முடிஞ்சுது. இனி கேளுங்க.

"அப்பா ஏன் வரலை?"ன்னு வாண்டு தினம் கேட்டா. நானும் உங்க கடுதாசியைப் படிச்ச மயக்கத்துல, "அப்பா மேல இருந்து நம்ம வீட்டையெல்லாம் பாக்குற வேலை பாக்குறாரு"ன்னு சொல்லி வச்சேன். ஆறுதலா இருக்கும்னு நினைச்சேன். போன வாரம் பக்கத்து வீட்டுப் பொடியன் இவகிட்ட, "உங்க அம்மா எங்க?"ன்னு கேட்டிருக்கான்.

"மேல."

"அப்பா?"

"அவரும் மேலதான். ரெண்டு பேரும் அங்கிருந்து என்னைப் பாக்குறாங்க."

அவன் போய் வீட்டுல சொல்லியிருக்கான். சாயங்காலம் அவங்க அம்மா கண்ணெல்லாம் கலங்கி, கையைப் பிசைஞ்சுக்கிட்டு வந்து நிக்கிறாங்க. "மாப்பிள்ளைக்கும் என்னங்க ஆச்சு? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே?"ன்னு. குத்துக்கல்லாட்டம் இருக்கிற ஆளுக்குத் துக்கம் விசாரிக்க வந்துட்டாங்க மாப்பிள்ளை! நான் சிரிக்கிறதா, அழுறதா? அவங்களை உக்கார வச்சு டீ போட்டுக் குடுத்து, "அவரு உயிரோடதாங்க இருக்காரு, போன்தான் எடுக்கமாட்டேங்கிறாரு"ன்னு சொல்லி அனுப்பினேன்.

எங்க வீடு உங்களுக்கு ஒரே நிறமாத் தெரியலாம். அந்த நிறத்துக்குள்ள ஒரு புள்ள சாப்பிட்டு, விளையாடி, சண்டை போட்டு, வளந்துக்கிட்டு இருக்கு. வானத்துல இருந்து கூரையைப் பாக்குற கண்ணுக்கு வாசப்படி தெரியலைன்னா என்ன பிரயோசனம்?

பள்ளிக்கூட விஷயம் யோசிச்சுச் சொல்றேன்னீங்க. அதுக்கும் இருபது வருஷத்துப் படம் வேணுமா?

அத்தை


மார்ச் 29

அத்தைக்கு,

பக்கத்து வீட்டு அம்மா விசாரிக்க வந்ததில் பெரிய தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வரைபடம் முடிந்துவிட்டது. உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவு முழுக்கச் சிவப்பாக வந்திருக்கிறது. இழப்புக்கு நாங்கள் போடும் நிறம் சிவப்பு. இரண்டு வருடத்துக்கு முன்பு வரை பச்சை. போன வருடம் திடீரென்று விழுந்திருக்கிறது. வெட்டியிருக்க வேண்டும், இல்லை எரிந்திருக்க வேண்டும். அவள் வகுப்பு நட்ட மரங்கள் இப்போது இல்லை.

உங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெரிகிற தூரம் அது. ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை? அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சமயத்தில்தான் நடந்திருக்கும். அவளிடமும் மறைத்தீர்களா?

அடுத்த மாதம் அறிக்கை போகிறது. அதில் இழப்பு என்று ஏறிவிடும். அப்புறம் அங்கே வந்து பார்க்க எனக்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

பள்ளி விஷயம். யோசித்துவிட்டேன். அங்கேயே சேர்த்துவிடுங்கள். வாண்டு உங்களிடம் பழகிவிட்டாள். எனக்கு அவளுக்குத் தலை வாரிவிடக்கூடத் தெரியாது. அவள் கேட்கும் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குப் பதிலாக நீங்களே கையெழுத்துப் போடலாம் என்று பள்ளிக்கு எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


ஏப்ரல் 8

மாப்பிள்ளைக்கு,

உங்க கடுதாசியைப் படிச்சுட்டு உடனே எழுதலை. எழுதியிருந்தா பேனா முனை பேப்பரைக் கிழிச்சிருக்கும்.

மறைச்சீங்களான்னு கேட்டிருக்கீங்க. யாரைப் பாத்து? அவ கட்டிலுக்குப் பக்கத்துல அந்த இரும்பு ஸ்டூல்ல நீங்க ஒரு பக்கம் உக்காந்தீங்க, நான் ஒரு பக்கம் உக்காந்தேன். அவகிட்ட மலையைப் பத்திப் பேசவா எனக்கு நேரம் இருந்துச்சு? நான் அந்த மாசமெல்லாம் இந்த ஊருலயே இல்லை, உங்க ஊர் ஆஸ்பத்திரியிலதான் கிடந்தேன்னு கூடவா மறந்துட்டீங்க?

அப்புறம் ஜன்னல். ஜன்னலைத் திறந்தாத் தெரியும்னு சுளுவா எழுதிட்டீங்க. மலை தெரியுற ஜன்னல் அவ ரூம் ஜன்னல். திரும்பி வந்ததுல இருந்து நான் அதைத் திறக்கலை. உங்களுக்குத் தட்டு கவுந்து கிடக்கிற மாதிரி எனக்கு ஜன்னல்.

அதனால நீங்க எழுதினது நெசமா பொய்யான்னு எனக்கே தெரியலை. ஞாயித்துக்கிழமை வாண்டுவைக் கூட்டிக்கிட்டு மலையேறினேன். பாதி வழியில "பாட்டி, உன் முட்டி கதவு மாதிரி கிறீச்சுங்குது"ன்னா. "எண்ணெய் போட ஆளில்லடி"ன்னேன். உக்காந்து உக்காந்துதான் போனோம்.

மேல போய்ப் பாத்தோம். ஒரு இலை இல்லை. எல்லாம் சாம்பல் நிறத்துல குச்சி குச்சியா நிக்குது. பாத்தா செத்த மரம்னுதான் சொல்லுவாங்க. நான் அப்படியே ஒரு கல்லு மேல உக்காந்துட்டேன். வாண்டு பாட்டுக்கு ஒரு சின்னக் கிளையை நகத்தால சுரண்டிக்கிட்டு இருந்தா. சும்மா இருடின்னு அதட்டலாம்னு பாத்தா, "பாட்டி, உள்ள பச்சையா இருக்கு"ன்னு கத்துறா.

நானும் எந்திரிச்சுச் சுரண்டிப் பாத்தேன். பச்சை. பக்கத்து மரமும் பச்சை. ரெண்டு பேரும் பைத்தியம் மாதிரி அந்தச் சரிவு முழுக்கச் சுரண்டிக்கிட்டு அலைஞ்சோம். வெட்டின அடிமரம் ஒண்ணுகூட இல்லை. எரிஞ்ச தடம் இல்லை. இந்த வெயில் காலத்துல அந்த மரங்க என்னைக்கு இலையோட நின்னுச்சு? மழை விழுந்தாத்தான் துளிர்க்கும். அவ அம்மா படிக்கிற காலத்துலயும் இப்படித்தான்.

உங்க படம் என்ன கணக்குல சிவப்பாச்சுன்னு எனக்குத் தெரியாது. அது உங்க பாடு. நான் கண்ணால பாத்ததைச் சொல்லிட்டேன்.

கையெழுத்து மட்டும் நான் போடமாட்டேன். தலை வாரத் தெரியாதாம்! ரிப்பன் கட்டுறது என்ன ராக்கெட் விடுற வேலையா? ரெண்டு நாள் கோணலாக் கட்டுங்க, மூணாம் நாள் வந்துடும். வாண்டு உங்களுக்கு வேண்டாம்னா, நேர்ல வந்து அவ முகத்தைப் பாத்து வேண்டாம்னு சொல்லிட்டுப் போங்க. தபால்ல புள்ளையை விட்டுக் குடுக்குற வழக்கம் எங்க குடும்பத்துல இல்லை.

அத்தை


ஏப்ரல் 20

அத்தை,

நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது. மன்னித்துவிடுங்கள். மரங்கள் இருக்கின்றன. தப்பு என் வரைபடத்தில்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பூதக்கண்ணாடியிடம் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கணினி முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். போன வருடத்துக்கு நான் அடுக்கியிருந்த படங்களை வரிசையாகத் திறக்கச் சொன்னார். எங்களிடம் ஒரு படத்துக்குப் பெயரே அதன் தேதிதான்.

"ஜூன் இருக்கு. ஜூலை இருக்கு. அடுத்தது?"

"டிசம்பர் சார்."

"நடுவுல நாலு மாசம் எங்கப்பா?"

"மழைக்காலம் சார். மேகம்."

"மத்த வருஷமெல்லாம் மழைக்காலத்துல மேகம் இல்லையா? அதையெல்லாம் எடுத்திருக்கே. மேகத்தை மட்டும் வெட்டிட்டு மிச்சத்தை வச்சிருக்கே. இந்த வருஷம் மட்டும் ஏன் மொத்தமா விட்டே?"

சத்தியமாக, அந்தப் படங்களை விலக்க வேண்டும் என்று நான் முடிவெடுத்த ஞாபகமே இல்லை. ஆகஸ்டில் அவளைச் சேர்த்தோம். நவம்பரில் முடிந்தது. அந்தத் தேதிகள் வரும்போதெல்லாம் கை தானாக அடுத்த படத்துக்குத் தாண்டியிருக்கிறது.

அந்தச் சரிவில் முதல் மழைக்குத் துளிர்க்கும் இலை பனிக்காலம் வரை நிற்கும். நடுவில் நாலு மாதத்தை எடுத்துவிட்டால் மிச்சத்தில் பாதிக்கு மேல் வெறுங்கிளை. நடு எண் விழாமல் என்ன செய்யும்? மரங்கள் எங்கேயும் போகவில்லை அத்தை. அவை பச்சையாக நின்ற மாதங்களைத்தான் நான் தூக்கி எறிந்திருக்கிறேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்டுக்குப் போய்யா. நாளைக்கு வந்து ஒண்ணொண்ணாத் திற" என்றார். நான் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து திறந்தேன்.

பாதிக்கு மேல் வெறும் வெள்ளை. ஒரு செப்டம்பர் படத்தில் மட்டும், மேகத்தில் கிழிசல் விழுந்த மாதிரி ஓர் ஓட்டை. சரியாக உங்கள் வீட்டுக்கு மேல். அந்த ஓட்டை வழியாகச் சரிவு தெரிகிறது. அப்படியொரு பச்சையை நான் இந்த வேலையில் பார்த்ததில்லை.

தேதியைப் பார்த்தேன். உங்களுக்கும் அந்த நாள் ஞாபகம் இருக்கும். காலையில் எழுந்து உட்கார்ந்தாளே, அந்த நாள். நீங்கள் ரொட்டியை டீயில் நனைத்துக் கொடுத்தீர்கள். "ஏம்மா, நான் என்ன பல்லு போன கிழவியா?" என்று கேட்டுவிட்டு, அதையே வாங்கிச் சாப்பிட்டாள். நர்ஸ் சிரித்தார். நீங்கள் பொய்க் கோபத்தோடு டம்ளரைக் கழுவப் போனீர்கள். "உங்க அம்மாவைப் பகைச்சுக்காதே, சோறு கிடைக்காது" என்றேன் நான். நாம் ரொட்டிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலையில்தான் அந்தச் செயற்கைக்கோள் உங்கள் மலையைக் கடந்து போயிருக்கிறது.

முடிந்த நாள் ஒன்று. அந்த ஒரு நாளைப் பார்க்கப் பயந்து, அவள் உயிரோடு இருந்த நாலு மாதத்தையும் சேர்த்து அழித்திருக்கிறேன். அவள் சிரித்ததும் அதற்குள்தான் இருக்கிறது.

வரைபடத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறேன். போட்டு முடித்ததும் யாராவது நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். அது அவள் வேலை. அந்த நாற்காலியில் இன்னும் யாரையும் போடவில்லை. நானே போகிறேன் என்று சொல்லிவிட்டேன். மே முதல் வாரம் வருவேன்.

வாண்டுவிடம் இப்போதே சொல்ல வேண்டாம். சொன்ன பிறகு என் கால் வராமல் போனால் என்ன செய்வது?

மாப்பிள்ளை


மே 12

மாப்பிள்ளைக்கு,

ஏன் சொல்லிக்காமப் போனீங்க?

வந்த அன்னைக்கு வாண்டு கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டதுக்கு நீங்க மனசு கஷ்டப்பட்டிருக்க வேண்டாம். எவ்வளவு நாள் கழிச்சுப் பாக்குறா. அவளும் ரோஷக்காரிதானே. நீங்களும் நல்லாத்தான் சமாளிச்சீங்க. கூப்பிடாம, கெஞ்சாம, தரையில உக்காந்து அந்தக் கையடக்க மெஷினை நோண்டிக்கிட்டு இருந்தீங்க. முதல்ல ஒரு கால் வெளிய வந்துச்சு. அப்புறம் தலை. "அது என்ன?"ன்னா. "நாம எங்க நிக்கிறோம்னு சொல்ற மெஷின்"னீங்க. "கட்டிலுக்கு அடியில இருந்தாலும் சொல்லுமா?"ன்னு கேட்டாளே, அப்பதான் உங்க முகத்துல பழைய சிரிப்பைப் பாத்தேன்.

மலைக்கும் போனீங்க. முத நாள் காவக்காரன் மாதிரி தள்ளியே வந்தா. மறுநாள் மெஷினை அவதான் தூக்குவேன்னு அடம். கடைசி நாள் "அப்பா, இங்க மரம்னு எழுதிக்கோ, இங்க கல்லுன்னு எழுதிக்கோ"ன்னு உங்களை வேலை வாங்கினா. அப்படியே அவ அம்மா அதிகாரம். ரிப்பனும் கட்டி விட்டீங்க. ஒரு பக்கம் காதுகிட்ட, ஒரு பக்கம் உச்சியில. அதை அவுக்க விடாம அப்படியே தூங்கினா.

காலையில எந்திரிச்சுப் பாத்தா நீங்க இல்லை. அவ என்ன பண்ணினா தெரியுமா? கட்டிலுக்கு அடியில குனிஞ்சு தேடினா. அவ ஒளிஞ்ச இடத்துல நீங்களும் ஒளிஞ்சிருப்பீங்கன்னு.

நான் தூங்கலை. நீங்க பையை மாட்டிக்கிட்டு வாசல்ல ரொம்ப நேரம் நின்னது எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன். எந்திரிச்சா, "கூட்டிட்டுப் போறேன் அத்தை"ன்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். நீங்க தனியாப் படியிறங்கினதும், இவளை விட்டுட்டுப் போறாரேன்னு கோபம். கதவு சாத்துற சத்தம் கேட்டப்ப எனக்கு நிம்மதியாவும் இருந்துச்சு, அந்த நிம்மதியை நினைச்சா வெக்கமாவும் இருந்துச்சு. நானும் சுத்தமான ஆள் இல்லை மாப்பிள்ளை.

என் பொண்ணு ரூம் ஜன்னலைத் திறந்து வச்சுட்டுப் போயிருக்கீங்க. மூடலாம்னு போனேன். மூடலை.

மனசைக் கல்லாக்கிக்கிட்டுச் சொல்றேன். வாண்டுவைக் கூட்டிட்டுப் போங்க. நான் இருந்துக்குவேன். கடை இருக்கு, பக்கத்து வீட்டுல பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கு. லீவுக்கு அனுப்பி வைங்க, அது போதும்.

அத்தை


மே 20

அத்தை,

அன்னைக்கு ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி வாண்டு என்கிட்ட, "நாளைக்கும் இருப்பியா?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியலை. பதில் தெரியாததால விடியுறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன். கோழைத்தனம்தான்.

பார்த்தீர்களா, உங்களை மாதிரியே எழுத ஆரம்பித்துவிட்டேன்.

வரைபடம் அறிக்கையோடு போய்விட்டது. அந்தச் சரிவுக்கு நேராக "மாற்றம் இல்லை" என்று ஒரு வரி எழுதினேன். எழுதும்போது சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அழுகையும் வந்தது. பூதக்கண்ணாடி பார்த்தும் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாண்டுவை இங்கே கூட்டி வருவதைப் பற்றி யோசித்தேன். நான் ஆபீசிலிருந்து வரும்வரை அவள் கீழ்வீட்டில் இருக்க வேண்டும். உங்களையும் இழந்துவிட்டு, அரைநாள் அப்பா ஒருவனோடு. அது சரியில்லை. அங்கேயே விட்டால் நான் வெறும் லீவு நாள் விருந்தாளி. அதுவும் சரியில்லை. அதனால் பூதக்கண்ணாடியிடம் போய், காலியாக இருக்கும், வாண்டுவின் அம்மா பார்த்த வேலையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். மலைப்பக்கத்துக்கு நேரில் போய்ச் சரிபார்க்கிற ஆள் மலைப்பக்கமே இருக்கலாம்.

"ஏசியில உக்காந்து பழகினவன். வெயில்ல நடப்பியா?"

"நடப்பேன் சார்."

"ஒரு படி கீழ இறங்குற பதவி. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன்?"

"வீடு பக்கம் சார்."

அவர் "ஏரி வந்தா பாத்துக் காலை வை" என்று மட்டும் சொன்னார்.

பள்ளியில் அங்கேயே சேர்த்துவிடலாம். நானே வந்து சொல்கிறேன், நானே கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் பின் தெருவில் வாடகைக்கு ஒரு ரூம் பார்த்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டிலேயே வந்து தங்கினால் வீட்டோட மாப்பிள்ளை என்று ஊர் பேசும். அதுவும் பெண்ணே இல்லாத வீட்டில். உங்களுக்கு எதற்கு அந்தச் சங்கடம்?

ஜூன் இரண்டாம் தேதி காலை வருகிறேன். இந்த முறை நீங்கள் வாண்டுவிடம் சொல்லலாம்.

மாப்பிள்ளை


மே 27

மாப்பிள்ளைக்கு,

பின் தெரு ரூமா? அதுக்குக் கீழ வெல்டிங் பட்டறை. போன வருஷம் அங்க குடியிருந்தவர் தலைவலி மாத்திரைக்கே பாதிச் சம்பளத்தை எங்க கடையில குடுத்தார். எங்க முதலாளி வேணும்னா சந்தோஷப்படுவார். நான் விடமாட்டேன்.

வீட்டோட மாப்பிள்ளைன்னு ஊர் பேசுமாம். பேசட்டுமே! பொண்ணைக் காட்டி மாப்பிள்ளையை வீட்டுல உக்கார வச்சவங்க ஊருக்கு நாலு பேர் இருக்காங்க. பொண்ணு போன பிறகும் மாப்பிள்ளை தேடி வர்ற வீடு எத்தனை இருக்கு? யாராவது கேட்டா நான் பெருமையாத்தான் சொல்லுவேன். கேக்கலைன்னாலும் மருந்து கட்டிக் குடுக்கும்போது சொல்லுவேன்.

அவ ரூம்தான் உங்களுக்கு. தூசி தட்டிட்டேன். அலமாரியை மட்டும் தொடலை. அதை ரெண்டு பேருமாச் சேந்து ஒரு நாள் திறப்போம். அவசரம் ஒண்ணும் இல்லை. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், எனக்குக் கோபம் வந்தா பாத்திரம் சத்தமா விழும். அது உங்க மேல இல்லை, பொதுவா விழும்.

வாண்டுகிட்ட சொல்லிட்டேன். துள்ளிக் குதிப்பான்னு பாத்தா, இல்லை. பெரிய மனுஷி மாதிரி யோசிச்சுட்டு, "எத்தனை நாளைக்கு?"ன்னா. "அதை அவருகிட்டயே கேளு"ன்னுட்டேன். அதனால பதிலோட வாங்க.

ரெண்டாம் தேதி நான் கடைக்கு லீவு. வீட்டுலதான் இருப்பேன், ஆனா கதவைத் திறக்க வரமாட்டேன். அவதான் திறப்பாளாம், என்னைக் கிட்டயே வரக்கூடாதுன்னுட்டா. தாழ்ப்பாள் அவளுக்கு எட்டாது. நாற்காலியை இழுத்துட்டு வந்து, போட்டு, ஏறணும். ரெண்டு நாளா அதைத்தான் பழகிக்கிட்டு இருக்கா. நேரம் ஆகும். உள்ளே கடமுடான்னு சத்தம் கேக்கும், பயப்படாதீங்க.

ஒரு தடவை தட்டிட்டு, அப்படியே நில்லுங்க.

அத்தை